பெருக்கல்

ஒரே ஒரு டிரான்ஸ்பார்மர்தான் மிச்சம் என்று
திருவாரூர் கிடங்கில் சொல்லிவிட்டார்கள்.
என் பிரிவில் நாற்பத்திரண்டு நிற்கின்றன,
எல்லாமே வெயிலில்.

படிவம் வந்திருக்கிறது.
ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்:
பழுதாகும் வாய்ப்பு. பழுதானால் பாதிப்பு.
பெருக்கி வருவதே வரிசை.

குறுவை நட்டு முடிந்த வாரம்.
பாண்டவையாற்றுக் கரையில் சவரிராஜ் ஓட்ட
பின்னால் மெக்கரை மடியில் வைத்துக்கொண்டு நான்.

மேலத்தெருவில் மூச்சுக்குடுவை
நீலம் வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது.
எண்ணெய் பதினெட்டு கிலோவோல்ட்டில் பொறி விட்டது,
முப்பது தாங்கவேண்டும்.
வாய்ப்பு நான்கு.
ஐம்பத்தொரு பம்புசெட், அரிசி ஆலை, கூட்டுறவு வங்கி.
பாதிப்பு ஐந்து.
இருபது.

அய்யனார் திடலில்
தொட்டிக்கடியில் கசிந்த எண்ணெயில்
நெற்பதர் ஒட்டி மயிர் முளைத்ததுபோல் இருந்தது.
பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில்
ஆறு இழை முறுக்கிய செம்புக் கம்பி.
"பியூஸ் இல்லீங்க மேடம், வேண்டுதல்"
என்றார் சவரிராஜ்.
வாய்ப்பு ஐந்து. அதற்குமேல் எண் இல்லை.
முப்பத்தாறு வீடு, மோட்டார் ஒன்றுமில்லை.
பாதிப்பு ஒன்று.
ஐந்து.
பட்டியலில் பதினேழாவது.

புகார்ப் பதிவேட்டில் திடலுக்கு
இந்த ஆண்டு இரண்டே வரி.
அதைச் சொன்னேன், அங்கே நின்றிருந்த
பவுனரசியிடம். ஏன் சொன்னேனோ.
அவள் உள்ளே போய்
ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றி வந்தாள்.
கரண்ட் போன நாளிலெல்லாம்
பால்பேனாவில் ஒரு சுழி.
சித்திரையில் ஒன்பது. வைகாசியில் பதினான்கு.
சில தேதியில் சுழிக்குள் சுழி.
"போன் பண்ணா யாரும் எடுக்கல.
அதான் இதுல எழுதுறேன்."

அவள் மாமனாருக்கு ஆக்சிஜன் மெஷின்,
பெட்டியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டுகூட கிழிக்கவில்லை.
படிவத்தில் அதற்குப் பத்தி இல்லை.

ராத்திரி அலுவலகத்தில்
திடலின் ஒன்றை அடித்து நான்கு என்று எழுதினேன்.
ஐந்து நான்கு இருபது.
மேலத்தெருவும் இருபது.
சமமாய் வந்தால் எது முதலில் என்று
நான்கு பக்கமும் தேடிப் பார்த்தேன்,
அடிக்குறிப்புகூட இல்லை.

விடியற்காலை லாரி வந்துவிட்டது.
கொரடாச்சேரி பாலத்துக்கு இப்பால்
டீ குடித்துக்கொண்டிருக்கிறார்களாம்.
சவரிராஜ் போனில் கேட்கிறார்:
"டிரைவர் அவசரப்படுறாரு மேடம்.
பாலம் எறங்குனா
இடதா, வலதா?"