எட்டாவது துலிப்

ரீகாவில் எங்கள் பூச்சந்தை தூங்குவதில்லை.
இரவு மூன்று மணிக்கும் யாருக்காவது பூ வேண்டியிருக்கிறது:
சண்டை போட்டுவிட்டு வந்தவனுக்கு,
கடைசி ரயிலைத் தவறவிட்டவளுக்கு,
எதற்கு வந்தோம் என்று
வாளிகளைப் பார்த்தபடி நிற்கிறவனுக்கு.

பிப்ரவரி. வெளியே
பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.
கண்ணாடிக் கூண்டுக்குள் நானும் ஒரு ஹீட்டரும்
இருபத்தாறு வாளிகளும்.
பூவுக்குக் குளிர் வேண்டும், எனக்குச் சூடு.
ஹீட்டரை என் முழங்காலுக்கு மட்டும் திருப்பிவைத்துச்
சமாதானம் ஆகியிருக்கிறோம்.

பச்சை நுரைக்கட்டியைத் தண்ணீரில் போட்டதும்
கையை எடுத்துவிட வேண்டும்.
அது தன் பாட்டுக்குக் குடிக்கும், கனக்கும், அமிழும்.
அவசரப்பட்டு அமுக்கினால்
வெளியே நனைந்து நடுவில் உலர்ந்தே கிடக்கும்.
மறுநாள் மாலை ரோஜா தலை தொங்கும்;
வாங்கியவர் ரோஜாவைத் திட்டுவார்.
என் முதல் கல்யாணத்தை நான் அமுக்கினேன்.
அது வேறு கதை.

ஜெர்பெராவுக்குக் கழுத்தில் பலமில்லை,
மெல்லிய கம்பி சுற்றி நிமிர்த்த வேண்டும்.
லில்லியின் மகரந்தப் பைகளை
வெடிக்குமுன் கிள்ளிவிடுவேன்;
வெள்ளைச் சட்டையில் பட்டால் எந்த சோப்புக்கும் அசையாது.
நார்சிசஸ் தண்டு வடிக்கும் கோழை
பக்கத்துப் பூவைச் சாய்க்கும்,
அதற்கு ஓர் இரவு தனி வாளி.
துலிப் மட்டும் வெட்டிய பிறகும் வளரும்,
விளக்கைப் பார்த்து வளையும்.
வெட்டிவிட்டோம் என்று
அதனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் எண்ணிக்கை.
ஒற்றைப்படை, உயிரோடிருப்பவர்களுக்கு.
இரட்டைப்படை, கல்லறைக்கு.
பள்ளியில் கணக்கில் தோற்றவனுக்கும்
இந்த ஊரில் இது தெரியும்.

டிராம் டிப்போ சட்டை. நெஞ்சில் பெயர்: இண்டுலிஸ்.
ஏழு வெள்ளைத் துலிப் கேட்டான்.
பிர்ச் குச்சிகள் நாலைந்து ஊடே செருகி
மஞ்சள் ராஃபியாவால் கட்டிக் கொடுத்தேன்.
மீதிச் சில்லறையை எண்ணாமல் பைக்குள் போட்டான்.

நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தான்.
இமையில் பனி.
அதே பூங்கொத்து, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.
"இன்னும் ஒன்று" என்றான்.
அவ்வளவுதான்.

நான் கேட்கவில்லை.
இந்த வேலையில் கேட்காமலிருப்பதற்குத்தான்
பாதிச் சம்பளம்.
கொத்தை வாங்கி ராஃபியாவை அவிழ்த்தேன்.
குச்சிகளை உருவினேன்.
கீழே குனிந்து ஃபர் கிளை இரண்டு எடுத்தேன்.
கருநீல நாடாவைச் சுருளிலிருந்து இழுத்து
ஒரு மீட்டர், கொஞ்சம் கூடவே, நறுக்கினேன்.
எட்டாவதை மற்ற ஏழோடு சேர்க்கும்போது
அவன் கண்ணாடிமேல் உள்ளங்கையால் அறைந்தான்.

"ஐயோ, இல்லை! என்ன செய்கிறீர்கள்?"

பிறகு அவனுக்கே புரிந்தது.
சிரிக்க முயன்றான், வாய் குளிரில் விறைத்திருந்தது.
"பிறந்துவிட்டாள். இரண்டு மாதம் முந்தி.
ஆயிரத்து நூறு கிராம். அழுதாளாம்,
கதவுக்கு வெளியே கேட்கும் அளவுக்கு.
ஏழு என் மனைவிக்கு.
இது அவளுக்கு. தனியாக."

ஏழும் ஒற்றைப்படை. ஒன்றும் ஒற்றைப்படை.
எட்டு என்று நான்தான் கூட்டியிருக்கிறேன்.

ஒற்றைத் துலிப்புக்கு ஏற்ற அளவில் காகிதம் இல்லை.
பெரிய தாளின் ஓரத்தை வெட்டி
இரண்டு சுற்று சுற்றினேன்,
தண்டின் நுனியில் ஈரப் பஞ்சு,
அதன்மேல் ஒரு துண்டு பிளாஸ்டிக்.
குறைமாதக் குழந்தைகளின் வார்டுக்குள்
பூவை விடமாட்டார்கள்.
எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
காசும் ஏழுக்கு வாங்கியதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒன்றைக் கோட்டுக்குள்ளும் ஏழை வெளியிலுமாகப்
பிடித்துக்கொண்டு ஓடினான்,
சறுக்கி, நிமிர்ந்து, மறுபடி ஓடினான்.

ஃபர் கிளையைத் திரும்ப வாளியில் போட்டேன்.
நறுக்கிய நாடாவை என்ன செய்வது?
சுருளில் ஒட்டாது. சின்னக் கொத்துக்கு நீளம்,
மலர்வளையத்துக்குப் போதாது.
தண்ணீர்க் குழாய் ஒரு வாரமாக ஒழுகுகிறது,
அதில் இறுக்கிச் சுற்றிக் கட்டினேன்.

இப்போதும் ஒழுகுகிறது.
கொஞ்சம் மெதுவாக.