யாரோ ஒருத்தர் வந்திருந்தார்

நவம்பர் கடைசியில் ஒரு மதியம்
வார்டோ தீவில் சூரியன் தலையை மட்டும் காட்டிவிட்டுப் போனது.
இனி ஜனவரியில்தான்.
"சூரியன் சாயும் நேரத்தில் கலக்கம் கூடும்"
என்று தாதி குன்வோர் சொன்னபோது
எனக்குச் சிரிப்பு வந்தது.
எங்கள் ஊரில் எந்த நேரத்தைச் சொல்கிறாள்?

ஆனால் தூர்பியோர்குக்குத் தெரிகிறது.
மூன்று மணி. வெளியே காலையில் இருந்த அதே இருட்டு.
அவள் விரல்கள் மேசைவிரிப்பின் ஓரத்தைப் பிசையத் தொடங்கும்.
பிறகு நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள்.
"யார் நீங்கள்? எழுந்து போங்கள்.
என் வீட்டுக்காரர் கரைக்கு வரும் நேரம்."

நாற்பத்தொன்பது வருடம்.

முதலில் வாதாடினேன்.
கல்யாணப் படம், பாஸ்போர்ட்,
மோதிரத்தின் உட்புறம் பொறித்த பெயர்,
எல்லாவற்றையும் சாட்சிக்கு அழைத்தேன்.
வழக்கில் நான் ஜெயிக்க ஜெயிக்க
அவள் சுவரோரம் ஒண்டினாள்.
ஒருநாள் காபிக் கெட்டில் பறந்து வந்தது.
இடது காதுக்கு மேல் மூன்று தையல்.

குன்வோர் தையலைப் பார்த்தாள். திட்டவில்லை.
"எய்லெர்ட், அவள் கேட்பதற்குப் பதில் சொல்லாதீர்கள்.
பயப்படுகிறாள் அல்லவா, அதற்குச் சொல்லுங்கள்."

ஜன்னல்களுக்குத் தடித்த திரை போட்டேன்.
கண்ணாடியில் ஒரு கிழவி நின்றுகொண்டு
வீட்டுக்குள்ளேயே பார்க்கிறாளாம்.
திரை போட்டதும் கிழவி போய்விட்டாள்.
எனக்கும் கொஞ்சம் நிம்மதி.

டிசம்பரில் பன்னிரண்டு இரவுகள் அலறினாள்.
டாக்டர் மாத்திரை எழுதினார்.
மாத்திரை தூங்கவைத்தது: பகலில், நாற்காலியில்,
ஒருமுறை சமையலறைத் தரையில்.
கடைசியில் பார்த்தால் ஒரு கடைவாய்ப் பல்.
பிடுங்கிய அன்று விடியும்வரை தூங்கினாள்.
வலி என்ற சொல்தான் அவளிடம் தொலைந்திருந்தது.
அதைப் பன்னிரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தவன் நான்.
இதை யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

இப்போதெல்லாம் மூன்று மணி ஆனால்
"மன்னியுங்கள், கிளம்புகிறேன்" என்று நானே எழுந்துவிடுகிறேன்.
பூட்ஸ். தொப்பி. கதவைச் சாத்தும் சத்தம் அவளுக்குக் கேட்கவேண்டும்.
கொட்டகையைத் தாண்டி, கவிழ்த்துவைத்த படகைத் தாண்டி
வீட்டைச் சுற்றி இருநூறு அடி.
காற்று அடிக்கும் நாளில் நூற்றைம்பதோடு ஏமாற்றிவிடுவேன்.

பிறகு மணியை அடித்து,
காலைத் தட்டித் தட்டிப் பனியை உதிர்க்கிறேன்,
கடலிலிருந்து வந்தவன் மாதிரி.
நான் கடலுக்குப் போனதே கிடையாது.
மீன் ஆலையில் ஐஸ் இயந்திரம் ஓட்டியவன்.
கடலுக்குப் போனவர் அவள் அப்பா.
போகட்டும்.

கதவைத் திறந்து முகம் மலர்ந்து
"நீ இவ்வளவு நேரம் எங்கே போனாய்?" என்கிறாள்.
நீ.
அந்த ஓரெழுத்துக்காகத்தான் இருநூறு அடியும்.

நேற்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:
"யாரோ ஒருத்தர் வந்திருந்தார்."
"தொந்தரவு செய்தாரா?"
"இல்லை, நல்ல மனுஷன்தான். காபி போடத் தெரியவில்லை."
கொஞ்சம் யோசித்தாள்.
"கண் கலங்கியிருந்தது. பாவம், யாரும் இல்லை போலிருக்கிறது.
நாளைக்கு வந்தால் ஏதாவது சாப்பிடச் சொல்."

பழுப்புச் சீஸை மெல்லிசாகச் சீவி
ரொட்டிமேல் வைத்து, அவருக்கென்று ஒரு தட்டை
தானே மூடிவைத்தாள்.
அவள் கை இன்னும் சீஸை மறக்கவில்லை.

இன்று மூன்று மணிக்கு
அந்த மனிதராக உட்கார்ந்து சாப்பிட்டேன்.
"மெதுவாகச் சாப்பிடுங்கள்" என்றாள்.
கிளம்பினேன். சுற்றினேன். மணியடித்தேன்.

"சாப்பிட்டுப் போனார்" என்றாள் சந்தோஷமாக.
"ராத்திரி எங்கே படுப்பாராம்?"
"இங்கேதான், பக்கத்தில்" என்றேன்.

நான் தட்டைக் கழுவினேன்.
அவள் துடைத்தாள்,
அந்த ஒரே தட்டை
நான்கு முறை.