பதினான்காம் வளைவு

கருப்பூர் ஆய்வகம். முப்பத்தொன்பதாவது வார்ப்பு.
கெட்டியானால் ஜெல்லுக்கு நாடி கேட்காது,
இளகினால் ரோட்டுக் குண்டும் குழியும்கூட நாடி.
நடுவில் துளை விட்டேன்,
சேமியா தடிமனில் ஒரு குழாய்.

ஏற்காடு பஸ் ஓட்டும் இருசப்பன்
கட்டியதும் மணிக்கட்டை மோந்து பார்த்தார்.
"ஜவ்வரிசி வாடை அடிக்குதே."
மரவள்ளி மாவுதாண்ணே, பாதி.

அடிவார வெயிலில் ஓரம் சுருண்டது.
ஏழாவது கொண்டை ஊசியில்
திரையில் கோடு படுத்தேவிட்டது.
பதினான்கில் ஜன்னல் வழியே பனிமூட்டம்;
ஜெல் குடித்தது, பருத்தது,
கோடு எகிறியது.

ஈரமா, இவரா?
எதிரில் வண்டி எதுவும் இல்லை.
கியர் மாற்றும் கை நிதானமாகத்தான் இருந்தது.
"இந்த வளைவுல எப்பவும் அப்படித்தாம்மா" என்றார்,
ஹாரனை ஒருமுறை அழுத்தி.

நோட்டில் குறித்தேன்:
நாற்பதாவதற்குச் சுவர் இன்னும் மெல்லிசாக.
துளை அப்படியே இருக்கட்டும்.