நீளம் தாண்டும் குழி

ஸ்டேடியத்துக்கு மூன்று கல்வெட்டு.
மூன்றும் அடிக்கல்.
முதல் கல்லின் மேல் இப்போது மோட்டார் சுவிட்ச்.

பொருட்காட்சி ராட்டினத்தைப் பிரித்துப் போனபின்
நாலாவது லேனில் நாலு பள்ளம்.
மாநகராட்சி எங்களைக் கைகாட்டும்,
நாங்கள் பொதுப்பணித் துறையை.
இடவப்பாதி நிரப்பிய பள்ளத்தைத்
துலாமழை வந்து மறுபடி நிரப்பும்.
கோப்பு அப்படித்தான் தடித்தது.
எழுதியவன் நான்.

தாண்டும் குழியின் மணல்
எவர் வீட்டு மொட்டைமாடியிலோ
கான்கிரீட்டாகிவிட்டது.

குறும்பனை மரிய டெல்பின்
நாகர்கோவில் முதல் பஸ்ஸில்
உரச்சாக்கில் கடல்மணல் கொண்டுவந்தாள்,
தினம் ஒன்று.
"சாக்குக்கும் டிக்கெட் உண்டு, கேட்டியா பிள்ளே."
நாற்பத்தோரு லக்கேஜ் டிக்கெட்டையும்
ரப்பர் பேண்டு போட்டு
மனுவோடு இணைத்திருந்தாள்.

ஐந்து வருடமாய் வராத பதில்
ஒரே வாரத்தில் வந்தது:
அனுமதியின்றி மணல் அள்ளியது குறித்து
விளக்கம் தருக.

அதற்கும் நானே எண் போட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே
ஓடி வந்து பலகையை மிதித்தாள்.
எழுந்தபோது முழங்கால் வரை
கருமணல் மினுங்கியது, தட்டிவிடவில்லை.
டேப்பின் மறுமுனை பிடிக்க ஆளைத் தேடினாள்.

போய்ப் பிடித்தேன்.
ஐந்து மீட்டர் பன்னிரண்டு.
திரும்பி வந்து பார்த்தால்
எங்கள் பதிவேட்டில்
அதை எழுதக் கட்டம் இல்லை.