டிரைவர் கிடைக்கவில்லை

பள்ளத்தூரில் இரவு ஏழே கால்.
நாளைக் காலை பத்து மணிக்குக்
காரைக்குடி வக்கீல் மேசையில்
பாகப்பிரிவினை வரைவு இருக்க வேண்டும்,
பதினொரு பக்கம், பின் குத்தாமல்.

பிரிண்டர் ஆஃப்லைன் என்கிறது திரை.
அது எங்கேயும் போகவில்லை.
வளவைத் தாண்டி, அண்ணன் பக்கத்து இரண்டாவது அறையில்
பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது;
ஜன்னல் வழியே இங்கிருந்தே தெரிகிறது.
கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை
இல்லை என்று சொல்லிப் பழகிய வீடுதான் இது.
பதினோரு மாசமாக அண்ணனும் நானும்
அப்படித்தான் எதிரெதிரே நின்று பல் விளக்குகிறோம்.

முதலில் ரௌட்டர்.
வளவுத் தூணில் அது, இருவருக்கும் பொது,
மாசக் கட்டணம் பாதிப் பாதி.
மூன்றடிச் சுண்ணாம்புச் சுவர்
வைஃபையை இளைக்கவைத்துத்தான் உள்ளே விடும்.
மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு
ஆத்தங்குடிக் கல் ஒவ்வொன்றாக நகர்ந்து பார்த்தேன்.
ஏழாவது கல்லில் நாலு கோடு.
அங்கேயே சம்மணம் போட்டேன்.

அப்புறம் விலாசம்.
சாயங்காலம் கரண்ட் போய் வந்ததில்
ஏழில் முடிந்த எண் பன்னிரண்டில் முடிகிறது.
இத்தனை நேரம்
ஆள் காலி செய்துவிட்ட வீட்டின் கதவைத்
தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.
திருத்தினேன். கண்டுகொண்டது.
கண்டுகொண்ட கையோடு சொன்னது:
டிரைவர் கிடைக்கவில்லை.

"டிரைவர் இல்லையாம்" என்றேன்.
அடுப்படியிலிருந்து உமையாள்:
"சேவுகன் ஆறாந்தேதிதான் வருவான். பஸ்ஸில போங்க."

போன வார அப்டேட் பழையதைத் தின்றுவிட்டிருக்கிறது.
மிச்சத்தை அழித்தேன். புதியதை இறக்கினேன்.
தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் நின்றது,
கொசு கடித்தது,
மறுபடி முதலிலிருந்து.
நிறுவு என்றதும் கேட்டது:
நிர்வாகியின் கடவுச்சொல்.

நிர்வாகி நான் இல்லை.
நாலு வருஷத்துக்கு முன் இதை வாங்கி,
பெட்டி பிரித்து, பேர் வைத்துத் தந்தவன் சாத்தப்பண்ணன்.
என் மடியில், என் விரலடியில் இருக்கும் இதில்
நான் வெறும் பயனர்.

அப்பா பேர். இல்லை.
கோயில் பேர், பெரிய எழுத்தில் தொடங்கி. இல்லை.
அவன் மகள் பிறந்த தேதி. இல்லை.

எட்டே காலுக்கு வாட்ஸப்பில் எழுதினேன்.
'அண்ணே' என்று தொடங்கி, அதை அழித்துவிட்டு,
"கடவுச்சொல் வேணும். டிரைவர் போடணும்."
இரண்டு நீலக் குறி.
எழுதுகிறான். நிறுத்துகிறான். எழுதுகிறான்.
வந்தது:
திருப்பித்தா85000.
இங்கிலீஷ் எழுத்தில், இடைவெளி இல்லாமல்.

எழுத்தெழுத்தாக அடித்தேன்.
எட்டு, ஐந்து, சைபர், சைபர், சைபர்.
திரையில் கறுப்புப் புள்ளிகளாகத்தான் விழுந்தன.
நல்லவேளை, உமையாள் பின்னால் நின்றிருந்தாள்.
ஏற்றுக்கொண்டது.

சோதனைப் பக்கம் எடுக்கப் பொறுமையில்லை;
பதினொன்றையும் அனுப்பினேன்.
எதிர்ப்பக்கம் மெஷின் தொண்டையைச் செருமியது.
அப்போதுதான் உறைத்தது,
அச்சாவது அங்கே.
இரும்புப் பெட்டி பதினான்கு, பித்தளை அண்டா ஒன்பது,
மாடி அவனுக்கு, கிணறு எனக்கு என்று
சூடு ஆறாத தாள் ஒவ்வொன்றும்
முதலில் அவன் கையில் விழுகிறது.
ஏழு தடவை இழுத்தது. நின்றது.
மூன்று நிமிஷம் யாரும் இருமவில்லை.

"மூணாம் பக்கத்துல அம்மி ரெண்டுன்னு போட்டிருக்க. ஒண்ணுதான்."
அதற்குக் கீழே:
"தாள் தீந்துபோச்சு. வாங்கிட்டு வா."

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட ஜெராக்ஸ் கடையில்
சில்லறையாகத் தரமாட்டேன் என்றான்.
கட்டாக வாங்கினேன், ஐந்நூறு.
நாலு தாள் போக
மீதி நானூற்றுத் தொண்ணூற்றாறு
யார் பக்கத்து அலமாரியில் இருக்க வேண்டும் என்று
வரைவில் இல்லை.
வரைவில் பிரிண்டரே இல்லை.
சைக்கிளை மிதித்தபடி யோசிக்கிறேன்,
வக்கீலிடம் இதைச் சொல்லவா,
விட்டுவிடவா.