இரண்டு அங்குலம் உள்ளே

பெரியாஸ்பத்திரித் தராசு
என்னை ஏற்றியதும் கொஞ்சம் யோசித்தது.
நூற்றி இருபத்தாறு தசம் நாலு.
தாதிப்பிள்ளை அதைக்
கடைசி வாங்குக்கும் கேட்கச் சொன்னாள்.
இருபத்திரண்டு வருசம் தபால் கந்தோரில்
பார்சல் நிறுத்தவள் நான்.
ஒன்றின் பாரத்தையும் இப்படிக் கூவியதில்லை.

சத்திரசிகிச்சை நிபுணர் வயதுக்கு இளசு.
குழாய் விட்டு எடுத்த படத்தைத்
திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.
ஈரல் இறுகிப்போய்க் கிடக்கிறதாம்.
அதனால் இரைப்பைச் சுவரில்,
சரியாக வெட்டவேண்டிய இடத்தில்,
நாளங்கள் புடைத்து நிற்கின்றன.
"மழைக்குப் பிறகு மண்புழு மாதிரி" என்றவர்
சொல்லிவிட்டு வெட்கப்பட்டார்.
"கத்தி வைச்சால் ரத்தத்தை மறிக்கேலாது அம்மா.
உங்களுக்கு இந்த ஒப்பரேசன் சரிவராது.
பயத்தில சொல்லேல்லை,
கணக்குப் பாத்துத்தான் சொல்லுறன்."

ஈரல் குடிகாரருக்கல்லவா இறுகும்?
எங்கள் வீட்டில் குடித்தவர் ஐயா.
சாமத்தில் கேற்றைப் பிடித்தபடி தேவாரம் பாடியவரும் ஐயா.
எண்பத்தொன்றில் நித்திரையில் போனார்,
ஈரலைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லாமல்.
நான் கள்ளு மணந்தால் ஒழுங்கை மாறிப் போறவள்.
"கொழுப்பும் அதே வேலையைச் செய்யும்" என்றார் டொக்டர்,
ஏதோ தன் பிழை போல.

மூன்று கிழமையாகத் தேத்தண்ணிக் கரண்டியால்
கஞ்சி குடித்துப் பழகியிருந்தேன்.
வெட்டுங்கோ என்று வாய் திறக்க
எனக்குப் பத்து வருசம் எடுத்தது.
அதுக்கும் இந்த உடம்பு
சித்தியடையவில்லை.

வேறொரு கிளினிக்குக்குத் துண்டு எழுதினார்.
குளிசை, உப்புக் குறைப்பு, நடை,
ஆறு மாதத்தில் திரும்பவும் குழாய்.
சத்தி ரத்தமாய் வந்தால்
இரவோ பகலோ உடனே வரவேணும்.
நான் தலையாட்டினேன்.
தலை மட்டும்தான் பாரமில்லாமல் ஆடியது.

ஸ்காபரோவில் அப்போது விடியச் சாமம்.
கபிலராஜ் நித்திரை கொள்ளாமல் இருந்தான்.
ரெண்டு வேலை செய்து அனுப்பிய காசு.
"கொழும்பில கேள். இல்லாட்டி சென்னைக்குப் போ.
காசு பாராதை."
"எங்கை போனாலும்
இதே ஈரல்தானேடா என்னோடை வரும்."
அவன் சிரிக்கவில்லை.
நானும் பிறகு சிரிக்கவில்லை.
"அப்ப காசு?" என்று நான் கேட்க
"வைச்சிரு" என்றான்.
மூக்கை உறிஞ்சினான். அங்கே குளிராக இருக்கும்.

ஆஸ்பத்திரி வீதியில் ஒட்டோக்காரன்
வழமைபோல "நடுவில இருங்கோ அம்மா" என்றான்.
நடுவில் இருந்தேன்.
கோபம் வந்தது என்று எழுதத்தான் ஆசை.
வந்தது கொஞ்சம் ஆறுதல்,
அந்த ஆறுதல்மேல்தான் கோபம்.
மயக்க மருந்தில் எழும்பாமல் போய்விடுவேனோ என்று
ஒவ்வொரு இரவும் பயந்ததை
நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

கன்னாதிட்டியில் இறங்கினேன்.
ஆவணியில் மருமகளின் கலியாணம்.
சித்திரையிலேயே சட்டைத்துணி கொடுத்து
நளாயினியிடம் சொல்லியிருந்தேன்,
"ஒடுக்கித் தையுங்கோ,
அதுக்குள்ள நான் பாதியாகிடுவன்."
மாம்பழ நிறம், ஊதாக் கரை.
தைத்து முடித்துக் கம்பியில் தொங்கியது,
இன்னொருத்தியின் சட்டை போல.

"சரிவராதாம்" என்றேன்.
எது என்று அவள் கேட்கவில்லை.
சட்டையைக் கழற்றி உட்புறம் திருப்பினாள்.
இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம்
மடித்து உள்ளே விட்டிருந்தது துணி.
"நீங்கள் சொன்ன அளவுக்குத் தைச்சன்.
ஆனா வெட்டேல்லை."

நாடாவைச் சுற்றிப் பிடித்தாள்.
காணவில்லை. வேறொரு நாடாவைத் தொடுத்தாள்.
வாய் நிறையக் குண்டூசி,
அதனால் எண்ணைச் சொல்லாமல்
கொப்பியில் எழுதினாள், சின்னதாக.
குண்டூசி இல்லாவிட்டால் சொல்லியிருப்பாளோ, தெரியாது.

செவ்வாய் வரச் சொன்னாள்.
செவ்வாய் கிளினிக்.
புதன் வாறன் என்றேன்.