மூன்றாம் முளை

பன்னங்குளத்தை அளக்க
என்னைத்தான் அனுப்பினார்கள்.
வீட்டுக்குப் பக்கம்தானே மிஸ்,
ஓட்டோக் காசும் மிச்சம் என்றார்
அலுவலகத்தில் ஹில்மி.

பழைய வரைபடத்தில் குளம்
மங்காத நீலம்.
ஏழு ஏக்கர், சொச்சம்.
இன்றைக்கு அதில் இரண்டு கராஜ்,
ஒரு டியூசன் கொட்டில்,
கிறவல் கொட்டிய ஒழுங்கை.
மிஞ்சிய குட்டை முழுக்க ஆற்றுவாழை.
கரையில் நின்று பொலித்தீன் மெல்லும் மான்கள்.

நாடாவின் நுனியைப் பிடித்தபடி
பையன் பின்னே பின்னே போனான்.
முதல் முளை கராஜ் வாசலில்.
இரண்டாவது தவரூபன் அண்ணனின் மதிலுக்குள்.
மூன்றாவதுக்கு
அவன் என் முகத்தைப் பார்த்தான்.
அக்கா, இது உங்கட குசினிக்குப் பின்னால...
அடி, என்றேன்.
சிமெந்தில் இறங்கவில்லை.
சோக்கட்டியால் கீறிவிட்டு வந்தோம்.

அன்றிரவு உறுதியை எடுத்துப் பார்த்தேன்.
பதினொரு பேர்ச்.
கிழக்கெல்லை: குளம்.
பன்னிரண்டு வருடம்
அந்த ஒரு சொல்லின் மீது நின்றுதான்
குளித்திருக்கிறேன்.

வாங்கும்போதே கட்டியிருந்தது, நான் கட்டவில்லை
என்று ஒரு கடிதம் எழுதினேன்.
நல்ல கடிதம்.
திகதி போடாமல் லாச்சிக்குள் வைத்தேன்.

ஆவணியில் பெக்கோ வந்தது,
கந்தளாயிலிருந்து நிஹாலோடு.
முதலில் என் குளிக்கும் அறை.
கை வைத்தாலே விழும் என்றிருந்த சுவர்
மூன்று தரம் மறுத்துவிட்டுத்தான் விழுந்தது.
தரையைக் கிளப்ப நேரமில்லை,
டைல்ஸ் கிடக்கட்டும் என்றான்.
அன்றைக்குத்தான்
மூன்றாம் முளை மண்ணில் இறங்கியது.

பிறகு சேறு.
செருப்பு, சைக்கிள் ரிம்,
யாரோ பூட்டிவிட்டுப் போன வீட்டின் சாவிக்கொத்து.
ஐந்தாம் நாள் வாளி இரும்பில் தட்டியது.
நிஹால் எஞ்சினை நிறுத்தினான்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
பின்னால் நகர்ந்தோம்,
தமிழிலும் சிங்களத்திலும்
ஒரே அளவு தூரம்.

ஆமி வந்து தட்டிப் பார்த்துச் சிரித்தது:
மதகின் கதவு.
குளத்துக்கு ஒரு வாய் இருந்ததை
ஊரே மறந்திருந்தது.

கார்த்திகையில் மூன்று இரவு
விடாத மழை.
நான் தூங்கவில்லை. குளத்துக்காக அல்ல,
புதிதாகக் கட்டிய பின்சுவருக்காக.
விடிய எழுந்து பார்த்தால்
முளைக்கு இரண்டு விரல் கீழே
வந்து நிற்கிறது தண்ணீர்.
நாடா பிடிக்க ஆள் கேட்கவில்லை.

தவரூபன் அண்ணன் பேசுவதில்லை.
அவர் மதில் நிற்கிறது,
வழக்குக்குப் பங்குனியில் தவணை.
கராஜ் எண்ணெய் ஒரு மூலையில்
இன்னும் வானவில் காட்டுகிறது.
நுளம்பு கூடிவிட்டதென்று
ஒழுங்கையில் கையெழுத்து வாங்குகிறார்கள்.
நானும் போட்டேன்.
நுளம்பு உண்மைதான்.

நேற்று விடியப்புறம்
கொம்பு வராத மான் ஒன்று
தண்ணீருக்குள் இறங்கி,
என் நீல டைல்ஸ் மீது வழுக்கி,
காலை ஊன்றிக்கொண்டு
குடிக்கத் தொடங்கியது.
வாய் நிறையப் பற்பசையோடு
துப்பாமல் நின்றேன்.